எல்லைக்கோட்டு நோயும் வீட்டாரும்

நோய்களுக்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் நோயாளியின் மேனியிலோ நடத்தையிலோ கண்ட ஒன்றைக் கொண்டே பெயரிடுவர். மஞ்சள் படர்ந்தால் மஞ்சட்காமாலை. மூட்டு வீங்கினால் மூட்டுவாதம். மருத்துவருடைய திகைப்பையே பெயராகத் தாங்கி வந்த நோயும் ஒன்று உண்டு. அதுவே எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பது. எந்த எல்லை, யார் வகுத்த கோடு என்று நேயர்கள் கேட்பது இயல்பே.

1938-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்து மருத்துவர்கள் மனநோய்களை இரண்டு பெருங்கூறாகப் பிரித்திருந்தனர். ஒன்று, அறிவு தெளிவாயிருக்க, அச்சமும் கவலையும் வருத்துகின்ற நிலை. மற்றொன்று, உண்மை உலகத்தோடு தொடர்பே அறுந்துபோகின்ற சித்தப்பிரமை நிலை. இவ்விரண்டிலும் அடங்காத சிலர் தம்மிடம் வருவதையும், வழக்கமான உளப்பகுப்பாய்வு அவர்களுக்குப் பயன்படாமற் போவதையும் ஸ்டெர்ன் கண்டார். இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டின்மேல் நிற்பவர்கள் என்ற பொருளில் அவர்களை ‘எல்லைக்கோட்டுக் குழுவினர்’ என்றார். அவர்களிடம் கண்ட இயல்புகளுள் ஒன்றிற்கு ‘உள்ளத்தில் இரத்தம் கசிதல்’ என்று பெயர் வைத்தார். பிறர் பொருட்படுத்தாத ஒரு சொல் இவர்களுக்கு வெட்டுக்காயம் ஆகிவிடும் என்பதே அதன் கருத்து. அந்தக் கட்டுரையிற் பல பகுதிகள் இன்று பழமையாகிவிட்டன. இந்த ஒரு சொல்லாட்சி பழமையாகவில்லை.

இந்நோய் வீட்டில் எவ்வாறு தோன்றும்? காலையில், “உன்னையன்றி எனக்கு யாருமில்லை” என்று கழுத்தைக் கட்டிக்கொண்ட மகளோ மனைவியோ, மாலையில் ஒரு சிறு தாமதத்தைக் கண்டு, “நீயும் என்னைக் கைவிடத்தான் போகிறாய்” என்று சீறுவாள். தெய்வமாக வைத்துப் போற்றிய நண்பன் ஒரே நாளில் துரோகியாவான். கோபம் சில நாழிகையில் அடங்கும். அடங்கியபின் தன்மேலேயே வெறுப்பு எழும். நெஞ்சில் ஏதோ வெறுமை. சிலர் தம் உடலைத் தாமே கீறிக்கொள்வர்; சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ள முற்படுவர். ஆடவருக்கும் இந்நோய் உண்டு; ஆனால் அவர்களிடத்தில் அதை முரட்டுத்தனம் என்றோ குடிப்பழக்கம் என்றோ உலகம் தள்ளிவிடுகிறது. நம் இல்லங்களில் இதற்குப் ‘பிடிவாதம்’ என்றும், ‘நடிப்பு’ என்றும், ‘காற்றுக் கருப்பு’ என்றும் பெயருண்டு. கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. இந்தக் கடைசி மருந்தினால் ஒரு குடும்பத்தின் துன்பம் இரண்டு குடும்பத்துக்கு ஆனதே மிச்சம்.

மருத்துவ உலகம் தெளிவு பெறவும் நெடுங்காலம் சென்றது. 1967-இல் ஆட்டோ கெர்ன்பெர்க் என்னும் அறிஞர், நன்மையும் தீமையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதை இவர்களால் ஒருங்கே எண்ண இயலாமையே நோயின் மையம் என்றார். 1975-இல் ஜான் கண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் சிதறிக் கிடந்த விளக்கங்களைத் தொகுத்தனர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது. எட்டு அடையாளங்களுள் ஐந்து காணப்பட வேண்டும் என்று அப்பொழுது வகுத்தனர். 1994-இல் எட்டு, ஒன்பதாயிற்று.

நோய்க்கு உருவம் கிடைத்தது; அதனோடு ஒரு குற்றவாளியும் கிடைத்தார். அவர் தாய். 1975-இலேயே மாஸ்டர்சன், ரின்ஸ்லி என்னும் இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே, இந்நோயின் தோற்றத்தில் தாயின் பங்கைப் பற்றியதாக இருந்தது. குழந்தை தன் காலில் நிற்க முயலும்பொழுது தாய் அன்பைப் பின்னிழுத்துக்கொள்கிறாள் என்பது அவர்கள் வாதம். ஆயிரக்கணக்கான தாய்மார் தம் மக்களுடைய துன்பத்தோடு இந்தப் பழியையும் சுமந்தனர். மருத்துவமனை வாயிலில் நிறுத்தி வைக்கப்பட்டனர். பழி முழுவதும் பொய் என்று சொல்லிவிடவும் வழியில்லை. 1989-இல் ஜூடித் ஹெர்மனும் அவருடைய தோழர்களும் செய்த ஆய்வு, இந்நோயாளருள் மிகப் பலர் இளமையில் அடிக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர்கள் என்று காட்டியது. ஆனால் அத்தகைய கொடுமை எதுவுமின்றி வளர்ந்தவரிடத்தும் நோய் காணப்படுகிறது. இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகளோ, நோய்க்கு ஆட்படும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவது என்கின்றன. ஒரே தாயின் மடியில் வளர்ந்த இருவருள் ஒருவர் மட்டும் நோயுறுவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கும்.

மேலைநாட்டில் குடும்பத்தாரை விலக்கி வைக்கும் எண்ணம் ஓங்கியிருந்த 1950-களில், நம் நாட்டில் வேறொன்று நிகழ்ந்தது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் இடநெருக்கடி. பணியாளரோ மிகக் குறைவு. அதன் தலைவர் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடிக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரை அழைத்து அவற்றிலே உடன் தங்க வைத்தார். தாயும் தமையனும் நோயாளிக்கு உணவூட்டினர். மருத்துவர் பேசுவதைக் கேட்டனர். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் தேறி வருவதைத் தம் கண்ணாலேயே கண்டனர். நோயைப் பற்றிய அச்சம் குறைந்தது. வீட்டுக்கு அழைத்துப் போகும் துணிவு வந்தது. 1957-இல் வேலூரில் தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையையே மேற்கொண்டது. இவ்விடங்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சித்தப்பிரமை போன்ற கடுநோய் உடையவர்கள். எல்லைக்கோட்டு நோயாளர் அல்லர். எனினும் குடும்பத்தாரைக் குற்றக் கூண்டில் நிறுத்தாமல் மருத்துவத்துக்குள் அழைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இவையே முற்பட்ட சான்றுகள். வறுமை கற்பித்த பாடம் எனினும் நல்ல பாடம்.

எல்லைக்கோட்டு நோய்க்கென்றே ஒரு மருத்துவம் வந்தது மார்ஷா லினெஹான் என்னும் அம்மையாரால். இந்நோயாளர்களை மாறும்படி வற்புறுத்தினால் பழிக்கப்பட்டவராகக் குமுறினர். உள்ளபடியே ஏற்றுக்கொண்டாலோ தம் துன்பத்தை யாரும் தீர்க்கவில்லையே என்று வருந்தினர். ஏற்பும் மாற்றமும் ஒருங்கே வேண்டும் என்று அவர் கண்டு, அம்முறைக்கு இயங்கியல் நடத்தை மருத்துவம் என்று பெயரிட்டார். தம்மைத் தாமே துன்புறுத்திக்கொண்ட பெண்களிடம் அதைச் சோதித்த முடிவு 1991-இல் வெளிவந்தது. அவர்களுடைய தற்கொலை முயற்சியும் தற்காயமும் குறைந்தன. மருத்துவமனையில் கிடந்த நாட்களும் குறைந்தன. 2011-இல் அந்த அம்மையார், தாம் பதினேழு வயதில் அடைபட்டுக் கிடந்த ஹார்ட்ஃபோர்டு நகரத்து மருத்துவமனைக்கே சென்று, தாமும் ஒருகால் அத்தகைய நோயாளியே என்று வெளிப்படச் சொன்னார்.

ஏற்பு என்றால் என்ன? “உங்கள் ஒருவருக்கும் நான் வேண்டாதவள்” என்று மகள் அழுகிறாள். “அதெல்லாம் ஒன்றுமில்லை, எழுந்து சாப்பிடு” என்பது நம் வழக்கமான விடை. அன்பினால் வந்ததே, ஆயினும் அது அவள் வேதனையை இல்லையென்று மறுக்கிறது. “நான் வரத் தாமதித்தது உனக்கு இவ்வளவு வருத்தமாக இருந்திருக்கிறது, அம்மா” என்பது ஏற்பு. அவள் வேண்டாதவள் என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேதனை உண்மை என்பதை மட்டுமே ஒப்புக்கொண்டனர். கேட்ட பொருளையெல்லாம் கொடுப்பதும், அடித்தால் வாங்கிக்கொள்வதும் ஏற்பு ஆகா. உயிரை விடப்போவதாகச் சொன்னால் மிரட்டல் என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டித்தலாகாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதால், காவல் நிலையத்தை அஞ்சி மறைக்கவேண்டிய தேவையும் இல்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அலன் ஃபுருசெட்டியும் பெரி ஹாஃப்மனும் இத்திறன்களை உறவினருக்கே கற்பிக்கும் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை அமெரிக்காவில் வகுத்தனர். அதை நடத்துவோர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற வேறு குடும்பத்தினரே. பாடம் முடித்தவர்களுக்குத் துயரமும் சுமையுணர்வும் குறைந்தன என்று 2005-இல் வந்த ஆய்வு கூறியது. அமிர்தசரஸ் கூடாரங்களை அவர்கள் அறிந்திருந்தனரோ இல்லையோ, கூடாரத்துக்குக் கூடாரம் பரவிய துணிவே அங்கும் பரவியது.

தீராத நோய் என்ற பழைய தீர்ப்பும் நிற்கவில்லை. மேரி ஸனாரினி என்பவர் பாஸ்டன் நகருக்கு அருகே இந்நோயாளர் 290 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார். பத்தாண்டில் அவர்களுள் 93 விழுக்காட்டினர் குறைந்தது ஈராண்டுக் காலமேனும் நோயின் அடையாளங்கள் நீங்கி வாழ்ந்தனர். நல்ல உறவும் நிலையான தொழிலும் பெற்று முழுமையாக மீண்டவர் அவர்களிற் பாதிப் பேரே. சீற்றமும் தற்காயமும் முன்னே தணிகின்றன. வெறுமையுணர்வும் கைவிடப்படுவோம் என்ற அச்சமும் மெல்லவே அகல்கின்றன. வெளிக்கு அமைதியாகிவிட்ட பின்னரும் அவள் இரவில் வாயிற்படியில் அமர்ந்து வீட்டார் வரவை எதிர்நோக்கியிருப்பது இதனாலேயே.