யோனி நுண்ணுயிர்த் தொகுதியும் கருப்பைவாய்ப் புற்றுநோயும்

யோனியில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றைச் சேர்த்து யோனி நுண்ணுயிர்த் தொகுதி என்பர். குடலில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருப்பது நலத்தின் அடையாளம். இங்கே நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினம் ஓங்கியிருந்தால் பாதுகாப்பு அதிகம். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-இல் இந்த நுண்ணுயிர்களைப் பற்றி எழுதினார்.

ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் யோனிச் சுவரில் கிளைக்கோஜன் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் லாக்டிக் அமிலமாக்குகிறது. பிஎச் அளவு 4.5-க்குக் கீழே இருக்க, கேடு செய்யும் பல கிருமிகள் அங்கே பெருக முடிவதில்லை. மாதவிடாய் நின்றபின் இந்த அமிலத்தன்மை குறைகிறது.

அமெரிக்காவில் 396 பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, இத்தொகுதியை ஐந்து வகையாகப் பிரித்தது. நான்கில் லாக்டோபேசில்லஸின் ஏதேனும் ஓர் இனம் மேலோங்கும். நான்காம் வகையில் மட்டும் கார்டனெரெல்லா போன்ற பல பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். ஆய்வில் பங்கேற்றோர் நோய் அறிகுறி இல்லாதவர்கள். அவர்களிலும் கணிசமானோர் இவ்வகையினரே. எனவே இதை நோய் என்றே முத்திரை குத்துவது சரியன்று.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அடிப்படைக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் (எச்பிவி). இதை நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலான தொற்றுகள் இரண்டாண்டுகளுக்குள் தாமாகவே மறைகின்றன. மறையாமல் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து. நுண்ணுயிர்களின் பங்கு இங்கேதான் பேசப்படுகிறது. லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் மிகுந்தவர்களிடம் தொற்று குறைவு. நான்காம் வகையினரிடம் தொற்று நீடிப்பதும் புற்றுக்கு முந்தைய செல் மாற்றங்களும் அதிகம். லாக்டோபேசில்லஸ் ஐனெர்ஸ் அவ்வளவு நம்பகமான காவலாளி அல்ல. கார்டனெரெல்லா இனங்கள் சில சுரக்கும் சியாலிடேஸ் நொதி, காப்பான சளிப்படலத்தை அரிக்கிறது. நீடித்த அழற்சியும் திசுவைப் பலவீனப்படுத்துகிறது. ஆயினும் நுண்ணுயிர் மாற்றம் வைரஸுக்கு இடம் கொடுக்கிறதா, வைரஸ்தான் அந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறதா என்பது முடிவாகவில்லை. இரண்டும் நடக்கலாம்.

'நல்ல பாக்டீரியா' என்று விற்கப்படும் புரோபயாட்டிக் மாத்திரைகள் இப்புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. யோனியின் உட்புறத்தைத் திரவங்களால் கழுவுவது இந்தச் சமநிலையைக் குலைக்கும். பலன் உறுதியானவை எச்பிவி தடுப்பூசியும் பரிசோதனையும்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணால் பார்க்கும் ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையே இந்நோயால் நேரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது. முடிவுகள் 2007-இல் வெளியாயின.