கைகாட்டியும் கண்ணும்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முன்னோர் மொழி. வழக்காராயும் நடுவர்க்குரியதாக நாம் கருதும் இம்மொழி, பார்வையின் இயல்பை ஆராய்ந்த அறிஞர்க்கும் பொருந்துவதாயிற்று. மக்கள் அனைவரும் நிறங்களை ஒன்றுபோலக் காண்பதில்லை என்னும் உண்மை நெடுங்காலம் ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. அதனைத் தட்டியெழுப்பி, ஓர் ஒழுங்குமுறையாக்கிய பெருமை இருப்புப்பாதையின் சிவப்பு, பச்சை விளக்குகளையே சாரும்.

அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் என்னும் ஆங்கில அறிஞர், 1792ஆம் ஆண்டில் ஒரு மலரை உற்றுநோக்கினார். பகலொளியில் வான்நீலமாகத் தோன்றிய அம்மலர், மெழுகுவர்த்தியின் ஒளியில் அவருக்குச் சிவப்பாகத் தோன்றிற்று. பிறர் அத்தகைய மாறுதலைக் காணவில்லை. அவருடைய தமையனார் மட்டும் கண்டார். 1794இல் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தில் டால்டன் இதனை எடுத்துரைத்தார். தம் விழியினுள்ளே நிறைந்துள்ள நீர்மம் நீலநிறமாயிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் இறந்தபின் விழியைச் சோதிக்குமாறும் வேண்டிக்கொண்டார். 1844இல் அவர் மறைந்ததும் மருத்துவர் சோதித்தனர்; நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பெற்ற அவ்விழியின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தோர், பச்சையொளியை ஏற்கும் நிறமிக்குரிய கூறு அதில் இல்லையெனக் கண்டனர். டால்டன் கூறிய காரணம் பிழையாயினும், அவர் கண்ட குறை மெய்யே.

குறையின் காரணத்தை விளக்கும் வழியைத் தாமஸ் யங் என்பார் 1801ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். விழித்திரையில் மூவகை உணர்விகள் இருந்தாற் போதும், எல்லா நிறங்களையும் உணரலாம் என்றார் அவர். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அக்கருத்தை விரித்து வளர்த்தார். விழித்திரையிலுள்ள கூம்பு வடிவ உயிரணுக்கள் மூவகைப்பட்டனவே என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று.

இந்நிலையில் ரயில் வந்தது. இரவில் கைகாட்டி மரத்தின் வடிவம் கண்ணுக்குப் புலப்படாது. விளக்கின் நிறமொன்றே டிரைவருக்கு வழிகாட்டி. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவர் இஞ்சினில் நின்றால் விளைவு என்னாகும் என்று, எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் வில்சன் 1855இல் நூலெழுதி எச்சரித்தார். அவ்வெச்சரிக்கைக்குச் செவிசாய்த்தோர் சிலரே.

1875 நவம்பரில் ஓர் இரவு, ஸ்வீடன் நாட்டு லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் நேருக்குநேர் மோதி 9 பேர் மாண்டனர். விளக்கின் நிறத்தைத் தவறாக உணர்ந்ததே காரணமாயிருக்கலாம் என்று உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோம்கிரென் ஐயுற்றார். அவ்விபத்துக்கு அதுவே காரணமா என்பதில் பிற்கால ஆராய்ச்சியாளர் மாறுபடுகின்றனர். எனினும் அவர் மேற்கொண்ட சோதனையின் பயனை மறுப்பாரில்லை. ஒரு ரயில்பாதையின் ஊழியர் 266 பேரை அவர் சோதித்தார். அவருள் 13 பேர் நிறக்குறை உடையோர்.

அதற்குமுன் அவர்கள் எவ்வாறு தப்பினர்? இங்கேதான் நுட்பம் அடங்கியுள்ளது. விளக்கைக் காட்டி, 'இஃது என்ன நிறம்?' என்று வினவினால், நிறக்குறை உடையவரும் பன்முறை சரியாகவே விடையிறுப்பார். ஒளியின் மங்கலையும் பொலிவையும் கொண்டு பெயரை ஊகிக்க அவர் இளமையிலேயே பழகியிருப்பார். ஆகவே ஹோம்கிரென் நிறத்தின் பெயரைக் கேட்கவில்லை. வெளிர்பச்சைக் கம்பளிநூற் கண்டு ஒன்றைத் தந்து, அதனோடொத்த நூல்களைக் குவியலிலிருந்து எடுத்து வைக்குமாறு பணித்தார். குறையுடையவர் தயக்கமின்றிச் சாம்பல் நிறத்தையும் வெளிர்சிவப்பையும் பச்சையோடு சேர்த்து வைத்தனர். நாவை நம்பாது கண்ணையே சாட்சியாக்கிய முறை இது.

இதன் காரணம் மூளையின் வேலையை அறிந்தால் விளங்கும். ஒரு கூம்பணு தனித்து நின்று நிறத்தை அறிவிக்க இயலாது. மூவகைக் கூம்பணுக்களின் செய்திகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் வேற்றுமையிலிருந்தே நிறம் உணரப்படுகின்றது. ஒப்பீடு விழித்திரையிலேயே தொடங்குகின்றது. ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளையுடைய பார்வை நரம்பு அதனைப் பிடரிப்புறத்து மூளைக்குக் கொண்டு செல்கின்றது. 1904-05ஆம் ஆண்டுகளின் ரஷ்ய-ஜப்பானியப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்த தட்சுஜி இனூயே, பார்வைப் புலத்தின் எப்பகுதி மூளையின் எவ்விடத்தில் பதிகின்றது என்பதை 1909இல் வரைந்து காட்டினார். கண் பழுதின்றி இருந்தும், மூளையின் அவ்விடம் சிதைந்தால் பார்வையின் அப்பகுதி மறைந்து போகும். மூவகைக் கூம்பணுக்களில் சிவப்பொளிக்கோ பச்சையொளிக்கோ உரிய வகை இல்லையெனில், ஒப்பிடுவதற்குரிய வேற்றுமை மறைந்து, சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடுகின்றன.

1917இல் ஜப்பானியக் கண்மருத்துவர் இஷிஹாரா, வண்ணப் புள்ளிகளிடையே எண்களை மறைத்துவைத்த அட்டைகளை வெளியிட்டார். இன்றும் ரயில்வே மருத்துவர் மேசைமேல் இருப்பவை அவையே. டிரைவர் பணியை நாடும் இளைஞர் பலர், தமக்கு இக்குறை உண்டென்பதை அங்கேதான் முதன்முதலாக அறிகின்றனர். வீட்டில் பேரிடி விழுந்தாற்போலாகிறது. இது நோயன்று, எவர் செய்த பிழையுமன்று. பெரும்பாலும் தாய்வழிப் பாட்டனிடமிருந்து தாய் வழியாகப் பேரனுக்கு வருவது. ஐரோப்பிய ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கும், பெண்களில் 200க்கு ஏறத்தாழ ஒருவருக்கும் இது உண்டு. நிறப்பார்வை வேண்டாத பணிகளும் உலகில் பலவுள.

ஆதலின் பெற்றோர், பிள்ளை பள்ளியிற் பயிலுங்காலத்தே இதனைச் சோதித்தறிவது நலம். 'இஃது என்ன நிறம்?' என்று கேளாது, வண்ண நூல்களைப் பரப்பி இனஞ்சேர்க்கச் சொல்லுக. ஐயம் எழுந்தால் கண்மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக. பின்னர் வரும் ஏமாற்றம் தவிர்க்கப்படும். தேர்வில் மருத்துவர் கண்டிப்புக் காட்டினால் சினங்கொள்ளற்க. நள்ளிரவில் நாம் கவலையின்றி உறங்கிச் செல்லும் வண்டியின் முன்னே, சிவப்பைச் சிவப்பாகவே காணும் ஒருவர் விழித்திருக்கின்றார் என்பதற்கு அக்கண்டிப்பே உறுதி.