இடைவெளிச் சுவர்களின் வெப்பக்காப்பும் தீத்தடுப்பு விதிகளும்

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், தீப்பெட்டிக்கும் கைத்தறி லுங்கிக்கும் பேர்போன ஊர். கோடையில் இங்கு வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் விடுகிறது. இதற்கு ஒரு மாற்று இடைவெளிச் சுவர்: நடுவே சிறு வெற்றிடம் விட்டு எழுப்பப்படும் இரட்டைச் சுவர். அந்த வெற்றிடத்தில் வெப்பக்காப்புப் பொருளை நிரப்பினால் சூடு மேலும் குறையும். தீ பற்றிய கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

இவ்வகைச் சுவர் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஈரத்தைத் தடுக்கவே பரவியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிபொருளை மிச்சப்படுத்த இடைவெளியை நிரப்பும் வழக்கம் பெருகியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று மான் தீவில் சம்மர்லாந்து பொழுதுபோக்கு மையம் எரிந்து 50 பேர் இறந்தனர். அது செங்கல் சுவர் அன்று. ஆனால் வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தில் தீ கண்ணில் படாமல் வளர்ந்தது. குறுகிய இடைவெளியில் அகப்பட்ட சுடர், காற்றைத் தேடி 5 முதல் 10 மடங்கு வரை நீளக்கூடும். சுவர் எரிகிறதா என்பதைவிட, சுவருக்குள் தீக்குப் பாதை இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி.

செங்கல் சுவருக்கு இங்கிலாந்தின் வழிகாட்டு விதி ஓரளவு சலுகை தருகிறது. இரு பக்கச் சுவர்களும் குறைந்தது 75 மில்லிமீட்டர் தடிப்புள்ள செங்கல் அல்லது கான்கிரீட்டாக இருந்தால், உள்ளே இடையிடையே தீத்தடுப்புகள் வேண்டியதில்லை. ஆனால் கதவு, சன்னல் ஓரங்களை மூடியாக வேண்டும்; முழுதும் நிரப்பப்படாத இடைவெளியின் தலைப்பகுதியையும் மூட வேண்டும். அறையில் பிடித்த தீ சுவருக்குள் நுழைய எளிய வாசல் சன்னல் ஓரம்தான். 2017 ஜூன் 14இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தபின், 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள்கள் தடை செய்யப்பட்டன.

இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து 1983, 2005, 2016இல் திருத்தப்பட்டது. இதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு பற்றியது. ஆனால் இத்தொகுப்பு பரிந்துரை மட்டுமே. மாநில விதிகளில் ஏற்கப்பட்டால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் தீ பற்றிய பேச்சு பெரிதும் கூரையைச் சுற்றியே நடந்தது. 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்தது கீற்றுக்கூரைத் தீ. அதற்குப்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. சுவரின் உட்புறம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மறுபுறம், 2018இன் எகோ நிவாஸ் சம்ஹிதா வீட்டுச் சுவர் வழி வரும் வெப்பத்துக்கு வரம்பு வைத்து வெப்பக்காப்பை ஊக்குவிக்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். குடியாத்தத்தின் இரண்டு, மூன்று மாடி வீடுகள் அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்பவை. கொத்தனாரும் வீட்டுக்காரரும் எடுப்பதே அங்கு முடிவு.

லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இங்கு நினைக்கத் தக்கது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் உள்ளே வெற்றிடம் கிடைக்கிறது. குறுக்குக் கற்கள் இருப்பதால் அது ஒரே நீட்டாக ஓடுவதில்லை. எதையும் நிரப்பாமலே சூடு குறையும், செங்கலும் மிச்சம். நிரப்பத்தான் வேண்டுமென்றால் பாறைக்கம்பளி எரியாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தெர்மாகோலோ ஏறத்தாழ 100 பாகையிலேயே இளகிவிடும். எரியும்போது கரும்புகை கக்கும். மின்கம்பிக் குழாய் அதே இடைவெளியில் போனால் ஆபத்து இன்னும் கூடும்.