வெயில் எட்டிப்பார்க்காத பால்கனியா? தொட்டியில் வைக்க 5 குட்டி மரங்கள்!

``நர்சரியில பார்க்கும்போது தளதளன்னு இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்த ரெண்டே மாசத்துல இலையெல்லாம் கொட்டிடுச்சு!'' - அப்பார்ட்மென்ட்டில் செடி வளர்க்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. பெரும்பாலும் தப்பு செடி மேலயும் இல்லை, உங்க கை ராசியிலயும் இல்லை. இடத்துக்குப் பொருந்தாத மரத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் பிரச்னை.

பத்து சின்னத் தொட்டிகளை வரிசையாக அடுக்குவதைவிட, ஐந்தாறு அடி உயரத்தில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற ஒரே ஒரு மரம் பால்கனிக்குத் தனி அழகு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? சென்னை மாதிரியான சூடான ஊரில், நிழல் விழும் பால்கனியில் இருப்பவர்களுக்கான கைடு இது.

முதல்ல நிழலை அளந்துடுங்க

எல்லா நிழலும் ஒரே நிழல் இல்லை. மதியம் 12 மணிக்குத் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளை பேப்பரை வையுங்கள். அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக ஓர் உருவம் மட்டும் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லையா? அது இருட்டு மூலை. அங்கே எந்த மரமும் ரொம்ப நாள் தாங்காது; இடத்தை மாத்திடுங்க.

அடுத்து, மொபைலில் இருக்கும் காம்பஸைத் திறந்து பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். `வடக்கு பார்த்த பால்கனியில வெயிலே வராது' என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். சென்னைக்கு அது முழுசா பொருந்தாது. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு பால்கனிக்குள்ளும் காலை, மாலை சாய்வெயில் எட்டிப்பார்க்கும். தெற்கு பால்கனிக்கு இது தலைகீழ். அங்கே மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே வரும். டிசம்பரில் பார்த்து வைத்த இடத்தை மே மாதம் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

எந்த மரம் ஓகே?

1. ராபிஸ் பாம்: நிழலுக்கென்றே பிறந்த பனை வகை. லேடி பாம் என்றும் சொல்வார்கள். விரல்களை விரித்த மாதிரி இலை, நார் சுற்றிய மெல்லிய தண்டுகள். மெதுவாகத்தான் வளரும் என்பதால் விலை கொஞ்சம் அதிகம். ஆனால், அடிக்கடி வெட்டிவிட வேண்டிய வேலை இல்லை. நேர் வெயில் பட்டால்தான் இலை மஞ்சளாகும்.

2. அரிக்கா பாம்: பெயரைப் பார்த்து பாக்கு மரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது மடகாஸ்கரைச் சேர்ந்த வேறு பனை. விலை குறைவு, எல்லா நர்சரியிலும் கிடைக்கும். வெளிச்சமான நிழல் இருந்தால் புதராக நிறைந்து, பக்கத்து ஃபிளாட்டை மறைக்கும் திரை மாதிரி நிற்கும். வெளிச்சம் குறைந்தால் தண்டுகள் மெலிந்து சாயும்.

3. ரப்பர் செடி: பெரிய, பளபளப்பான இலை. ஒற்றைத் தண்டாக வளர்த்தால் அசல் குட்டி மரம்தான். மேகாலயாவின் புகழ்பெற்ற உயிர் வேர்ப் பாலங்கள் இந்த மரத்தின் வேர்களால் ஆனவை. அவ்வளவு வலுவான வேர் என்பதால், தொட்டி சின்னதாகிவிட்டது என்று சுவரை ஒட்டி மண்ணில் நட்டுவிடாதீர்கள். கரும்பச்சை இலை ரகம் நிழலை நன்றாகத் தாங்கும். வெள்ளை, பிங்க் திட்டு உள்ள ரகங்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். வெட்டும்போது வடியும் பால் கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. டிராசீனா: மக்காச்சோள இலை மாதிரி இருப்பதால் `கார்ன் பிளான்ட்' என்றும் விற்பார்கள். வெளிச்சம் நடுத்தரமாக இருந்தாலும் சமாளிக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் தாங்கும்.

5. காமினி: கறிவேப்பிலைக்கு உறவுக்காரச் செடி. சின்னச் சின்ன இலை, மணக்கும் வெள்ளைப் பூ. மற்ற நான்கும் இலை அழகுக்கு. பூ வேண்டும் என்றால் இதுதான். ஆனால் தினமும் மூன்று மணி நேரமாவது காலை வெயில் வேண்டும். முழு நிழலில் மரம் பிழைத்துக்கிடக்கும், பூ மட்டும் வராது.

இதெல்லாம் வேண்டாம்!

எலுமிச்சை, கறிவேப்பிலை, போகன்வில்லா மூன்றும் வெயில் பிரியர்கள். இணையத்தில் நிழலுக்குப் பரிந்துரைக்கப்படும் கமேலியாவுக்குக் குளிர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் முயலலாம். ஃபைகஸ் பெஞ்சமினா அழகுதான். ஆனால் இடம் மாறினாலே கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும்.

வீட்டில் நாய், பூனை, தவழும் குழந்தை இருந்தால் இன்னொரு விஷயம் முக்கியம். குட்டி ஈச்ச மரம் மாதிரி அழகாக இருக்கும் சைகஸ் நாய்களுக்குக் கடும் விஷம். கடித்துத் தின்றால் கல்லீரல் பாதித்து உயிரே போகலாம். ரப்பர் செடியும் டிராசீனாவும் அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும், செல்லப்பிராணிகளுக்கு வாந்தியை வரவைக்கும். அவை இருக்கும் வீட்டுக்கு ராபிஸ், அரிக்கா இரண்டும் பாதுகாப்பானவை.

தொட்டியின் எடை தெரியுமா?

18 இன்ச் அகலம், 18 இன்ச் உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 70 லிட்டர் மண் பிடிக்கும். வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 100 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது ஓர் ஆளைவிட அதிக எடை, 24 மணி நேரமும் பால்கனியில்! அதனால் செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். எடை நன்றாகக் குறையும், தண்ணீரும் தேங்காது. அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. வடிவதற்கு ஓட்டைதான் வேண்டும்.

தொட்டியை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள், கம்பி ஓரமாக வேண்டாம். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. மேல்மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போகும். புயல் எச்சரிக்கை வந்தால் மரத்தை ஹாலுக்குள் நகர்த்திவிடுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இருந்தால் ஒரே ஆள் தள்ளிவிடலாம்.

தண்ணீர்... குறைவாகவே!

நிழலில் இருக்கும் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, அதிகத் தண்ணீரில் வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். இரண்டு இன்ச் ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்னிக்கு லீவ். காய்ந்திருந்தால், அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிட்டு, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும்.

மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலை துடைப்பு. வேறு பெரிய வேலை இல்லை. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்து, மாலையில் தெளியுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

`இது ஏர் பியூரிஃபையர் செடி சார்' என்று கூடுதல் விலை சொன்னால் ஏமாறாதீர்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் 1989-ல் வெளியான நாசா ஆய்வு. அது மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்ட சோதனை. 2019-ல் வெளியான ஒரு மறு ஆய்வு, ஜன்னல் வழியாகக் காற்று வந்துபோகும் அளவுக்குப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஒரு மரம் கண்ணுக்கும் மனசுக்கும் தருகிற குளிர்ச்சிக்காக வாங்குங்கள், அதுவே போதும்.

நர்சரிக்குக் கிளம்பும் முன்...

* வெளிச்சம் நடுத்தரம்தானா? ராபிஸ் அல்லது டிராசீனா.
* நாய், பூனை, குழந்தை இருக்கிறதா? ராபிஸ் அல்லது அரிக்கா.
* பட்ஜெட் குறைவா? அரிக்கா.
* காலை வெயில் கொஞ்சம் வருகிறதா? காமினி.
* ஒற்றைத் தண்டில் கம்பீரமாக வேண்டுமா? ரப்பர் செடி.

வாங்கும்போது, ``இதை வெயில்ல வெச்சிருந்தீங்களா, ஷேடு நெட்டுக்குக் கீழயா?'' என்று கேளுங்கள். நெட்டுக்குக் கீழ் வளர்ந்ததையே எடுங்கள். வெயிலில் வளர்ந்தது நிழலுக்கு வந்ததும் இலை உதிர்க்கும். வீட்டுக்கு வந்த முதல் மாதம் ஒன்றிரண்டு இலை விழுந்தால் பயப்பட வேண்டாம். உடனே உரம் போடாமல், இடத்தை மாற்றாமல் அப்படியே விடுங்கள். புதுத் துளிர் வந்துவிட்டால், மரம் உங்கள் வீட்டுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.