புள்ளியும் பார்வையும்: அல்ட்ரா எச்டி, எச்டி தொலைக்காட்சிப் படங்களின் தர ஒப்பீடு

முன்னுரை

வீட்டுக்குத் தொலைக்காட்சி வாங்கப் போகிறவர் இன்று கடையில் முதலில் கேட்பது "4கே-வா, எச்டி-யா?" என்பதைத்தான். விடையாக அவருக்குக் கிடைப்பது ஓர் எண். எச்டி படத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள். 4கே எனப்படும் அல்ட்ரா எச்டி படத்தில் 3840 × 2160, அதாவது 82,94,400 படப்புள்ளிகள். புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் தெளிவும் நான்கு மடங்கு என்று அவர் கருதிக்கொள்கிறார். முதற்கூற்று உண்மை, இரண்டாவது, முதற்கூற்றிலிருந்து பெறப்படாத முடிவு. திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பது ஒரு கேள்வி. அவற்றுள் எத்தனையைக் கண் தனித்தனியே பிரித்தறிகிறது என்பது வேறு கேள்வி.

அல்ட்ரா எச்டி, பழைய படத்தை அதே இடத்தில் வைத்து நுணுக்கமாக்குவதற்காக வகுக்கப்பட்ட தரம் அன்று. பார்வைப் புலத்தை அகலப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டது. பழைய தொலைவில், சிறிய திரையில் அதைப் பயன்படுத்தும்போது புள்ளிப் பெருக்கத்தின் பயன் பெரிதும் வீணாகிறது. அத்தகைய வீடுகளில் கண்ணில் படும் மேம்பாடு ஒளிவீச்சாலும் நிறத்தாலும் தரவின் அளவாலும் வருவதே. இதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தரங்கள் பிறந்த நோக்கம்

உயர் தெளிவுத் தொலைக்காட்சிக்கான ஆய்வை ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகு தொடங்கியது. எவ்வளவு அகலமான படம், காட்சிக்குள்ளேயே இருக்கும் உணர்வைப் பார்ப்பவருக்குத் தரும் என்பது அவ்வாய்வின் மையக் கேள்விகளுள் ஒன்று. அங்கு முதிர்ந்த கருத்துப்படி, எச்டி படத்தைத் திரையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவிலிருந்து பார்க்க வேண்டும். அப்போது படம் கண்முன் கிடைமட்டமாக 30 பாகைக்குச் சற்று மேல் விரியும்.

அல்ட்ரா எச்டிக்கான தரத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012இல் பிடி.2020 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. இதற்கு உகந்த தொலைவு திரை உயரத்தின் 1.6 மடங்கு. அங்கே படம் ஏறக்குறைய 58 பாகை விரிகிறது. எச்டியை மூன்று மடங்குத் தொலைவிலும் அல்ட்ரா எச்டியை 1.6 மடங்குத் தொலைவிலும் பார்த்தால், கண்ணில் படும் புள்ளியின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. நுணுக்கம் கூடுவதில்லை, படம்தான் ஏறத்தாழ இருமடங்கு அகலம் கொள்கிறது. புள்ளிகளை நான்கு மடங்காக்கியதன் காரணம் இதுவே: அருகில் அமர்ந்தாலும் படம் உடையாதிருக்க வேண்டும்.

இந்த நோக்கத்தை நம் வீட்டுக் கூடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். சுவரில் தொலைக்காட்சி, எதிரே எட்டடி தள்ளி நாற்காலி. எட்டடித் தொலைவில் 1.6 மடங்கு என்ற கணக்கு நிறைவேற வேண்டுமானால் திரையின் மூலைவிட்டம் 120 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். வழக்கமாக அங்கே இருப்பது 43 அங்குலம். தரத்தை வகுத்தவர்கள் எண்ணிய பார்வைக்கும் நம் கூடத்தில் நிகழும் பார்வைக்கும் உள்ள தொலைவு இவ்வளவு.

கண்ணின் எல்லை

கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகை இன்றும் பார்வையை அளக்கப் பயன்படுகிறது. அதன்படி இயல்பான பார்வை (6/6) என்பது ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிவது. பாகையில் 60இல் ஒரு பங்கு கலை. எனவே ஒரு பாகைக்குள் 60 புள்ளிகளுக்கு மேல் நெருங்கினால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது நெடுநாள் கணக்கு.

43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. எச்டி-யில் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.5 மி.மீ., அல்ட்ரா எச்டி-யில் 0.25 மி.மீ. ஒரு கலை என்ற அளவுகோலின்படி எச்டி புள்ளி 1.7 மீட்டருக்கு அப்பால், அதாவது ஐந்தரை அடி கடந்தால், கண்ணுக்குத் தனித்துத் தெரியாது. அல்ட்ரா எச்டி புள்ளி மூன்றடிக்குள்ளேயே மறைந்துவிடும். எட்டடியில் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பது இக்கணக்கின் தீர்ப்பு.

இத்தீர்ப்பு சற்றுக் கடுமையானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மெட்டா நிறுவன ஆய்வாளர்களும் 2025இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணின் எல்லை 60 அன்று என்று காட்டியது. கறுப்பு வெள்ளை நுணுக்கத்தில் சராசரி எல்லை பாகைக்கு 94 புள்ளிகள். சிவப்பு பச்சை வேறுபாட்டில் 89. மஞ்சள் ஊதா வேறுபாட்டில் 53. நிறத்தைவிட ஒளி வேறுபாட்டிலேயே கண் கூர்மையாக இருக்கிறது. பழைய அளவுகோலை மட்டும் நம்பி அல்ட்ரா எச்டியை முற்றாக மறுப்பவர்களுக்கு இது உரிய பதில்.

புதிய அளவுகோலை ஏற்றுக்கொண்டே மீண்டும் கணக்கிடலாம். எட்டடித் தொலைவில் 43 அங்குல எச்டி திரை பாகைக்கு ஏறத்தாழ 86 புள்ளிகளைத் தருகிறது. எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டது; அல்ட்ரா எச்டிக்கு மீதமிருக்கும் இடம் சிறிது. ஒன்பது அடியைத் தொடும்போது அதுவும் தீர்ந்துவிடுகிறது. 55 அங்குலத்தில் நிலை மாறுகிறது: அதே எட்டடியில் எச்டி தருவது 67 புள்ளிகளே. 65 அங்குலத்தில் 57 ஆகக் குறைகிறது. பழைய அளவுகோலின்படியே எச்டி போதாது. ஆகவே அல்ட்ரா எச்டியின் புள்ளிகளுக்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்குத் திரையின் அளவையும் இருக்கையின் தொலைவையும் சொல்லாமல் விடை கூற முடியாது.

தமிழ் எழுத்தே இதற்குச் சான்று தரும். திரையின் அடியில் ஓடும் செய்தி வரியில் 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி. 576 வரிகள் கொண்ட பழைய ஒளிபரப்பில் அச்சுழி அடிக்கடி கரைந்துபோகும். 43 அங்குலத் திரையை ஒன்பது அடியிலிருந்து பார்க்கையில் அப்பழைய படத்தின் ஒரு வரி ஒரு கலைக்கு மேல் தடித்திருக்கும். 1080 வரிகளில் அது ஒரு கலைக்கும் கீழே இறங்கி, சுழி தெளிந்துவிடும். அங்கிருந்து 2160க்குச் செல்லும்போது வரி மீண்டும் பாதியாகிறது. ஆனால் முன்பு கிடைத்த தெளிவு இன்னொரு முறை கிடைப்பதில்லை.

ஒரு மறுப்பையும் கருத வேண்டும். இரு கோடுகள் சற்றே விலகி நிற்பதைச் சில விகலை (கலையில் 60இல் ஒரு பங்கு) அளவிலும் கண் உணர்ந்துவிடும். எனவே புள்ளி தெரியாத தொலைவிலும் சாய்கோடுகளின் படிக்கட்டு வடிவம் தெரியக்கூடும் என்பர். இது கணினி வரைகலைக்குப் பொருந்தும். கேமராவில் எடுத்து முறையாக வடிகட்டிய எச்டி படத்தில் விளிம்புகள் மென்மையாகவே அமைவதால் அங்கே இம்மறுப்பின் வலு குறைகிறது.

ஒளியும் நிறமும்

எச்டிக்குரிய பிடி.709 தரம் 1990இல் உருவானது. படக்குழாய்க் காலத்து வழக்கப்படி வெண்மையின் உச்சம் சுமார் 100 நிட் (திரை ஒளிர்வின் அலகு) என்று கொண்டே எச்டி நிகழ்ச்சிகள் இறுதி செய்யப்படுகின்றன. கண் காணும் நிறங்களைக் குறிக்கும் 1931ஆம் ஆண்டு வரைபடத்தில் அத்தரம் ஏறத்தாழ 36 விழுக்காட்டை மட்டுமே தழுவுகிறது, பிடி.2020 தழுவுவது 76 விழுக்காடு. எச்டி ஒளிபரப்பில் ஒவ்வொரு நிறக்கூறுக்கும் 256 படிகள். எச்டிஆர் எனப்படும் உயர் ஒளிவீச்சுப் படத்தில் 1024 படிகள்.

இவ்வேறுபாட்டைக் காண அருகில் செல்ல வேண்டியதில்லை. இருண்ட கருவறையில் எரியும் ஒற்றை விளக்கைப் படமெடுத்தால், பழைய தரத்தில் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகும், அல்லது சுவரின் கல் கருமையில் மூழ்கும். எச்டிஆரில் சுடரின் மஞ்சளும் கல்லின் எண்ணெய்ப் பளபளப்பும் ஒரே சட்டகத்தில் நிற்கும். விடியல் வானத்தில் தோன்றும் பட்டைப் பட்டையான கோடுகள் 1024 படிகளில் பெரிதும் மறைந்துவிடும். இவை பன்னிரண்டு அடியிலும் தெரியும் வேறுபாடுகள்.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்டிஆருக்கான பிடி.2100 பரிந்துரை 2016இல் வெளியானது. அது 3840 × 2160, 7680 × 4320 ஆகியவற்றோடு 1920 × 1080 அளவையும் ஏற்கிறது. ஒளிவீச்சுக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் இயற்கையான பிணைப்பு ஏதுமில்லை. சந்தையே இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறது. "4கே-யில் படம் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது" என்று வியப்பவர் பல வேளைகளில் வியப்பது புள்ளிகளை அன்று, ஒளியை. மறுபுறம், எச்டிஆர் சமிக்ஞையை ஏற்றுக்கொண்டாலும் அதைக் காட்டும் ஒளித்திறன் பேனலில் இல்லாத அல்ட்ரா எச்டி பெட்டிகளும் உண்டு. அங்கே முத்திரை இருக்கும், பயன் இராது.

வந்து சேரும் தரவு

திரை எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்கு வந்து சேரும் தரவைத் தாண்டி எதையும் காட்ட முடியாது. நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட திரைப்படம் சுருக்கப்படாத நிலையில் அல்ட்ரா எச்டி, பத்து பிட் அளவில் நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் கேட்கும். ஓடிடி வழியில் அது 15 மெகாபிட்டில் வந்தால் சுருக்கம் 200க்கு ஒன்று. எட்டு பிட் எச்டி திரைப்படம் கேட்பது சுமார் 600 மெகாபிட். ப்ளூரே வட்டில் அது 30 மெகாபிட்டில் இருந்தால் சுருக்கம் 20க்கு ஒன்றுதான்.

2003இல் வந்த எச்.264 சுருக்க முறையைவிட 2013இல் வந்த எச்.265 ஏறக்குறைய பாதித் தரவில் அதே தரத்தைத் தரும் என்பதையும், பெரிய படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒத்திருப்பதால் சுருக்குவது எளிது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்தும் இடைவெளி முழுதும் நிரம்புவதில்லை. மழை, புகை, நெல்வயலின் அசைவு, மைதானத்துப் புல் ஆகிய காட்சிகளில் மிகையாகச் சுருக்கிய அல்ட்ரா எச்டி குழைந்துபோவதையும், தாராளத் தரவு பெற்ற எச்டி திடமாக நிற்பதையும் காணலாம்.

மூலப்படம் சிறியதாயின் நிலை இன்னும் தெளிவு. பழைய ஒளிபரப்பின் 720 × 576 சட்டகத்தில் 4,14,720 புள்ளிகள். அல்ட்ரா எச்டி திரையில் இருப்பவை அதைப்போல் சரியாக 20 மடங்கு. கேபிளில் வரும் சாதாரண சேனலை அத்திரையில் பார்ப்பவர், இருபதில் பத்தொன்பது புள்ளிகளைப் பெட்டியின் ஊகமாகவே பார்க்கிறார். எச்டி சேனலாயின் நான்கில் மூன்று ஊகம். நல்ல செயலி இவ்வூகத்தைத் திறம்படச் செய்யும்; மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை மீட்டெடுக்க எந்தச் செயலியாலும் இயலாது.

ஒப்பிடும் முறை

கடையில் பார்க்கும்போது வேறுபாடு பளிச்சென்று தெரிந்ததே என்று வாங்கியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கண்டது பொய்யன்று. அங்கே இரண்டு மூன்று அடியில் நின்று பார்க்கிறோம். ஒளி உச்சத்தில் இருக்கிறது. ஓடுவது அத்திரைக்கென்றே எடுத்த விளம்பரப் படம். தொலைவு, ஒளி, மூலம் மூன்றும் வீட்டில் மாறிவிடுகின்றன. மூன்றும் ஒருங்கே மாறும் ஒப்பீட்டிலிருந்து எதன் விளைவு எது என்று சொல்ல முடியாது.

முறையான ஒப்பீட்டில் ஒன்றைத் தவிர மற்றவை மாறக்கூடாது. வார்னர் பிரதர்ஸ், பிக்ஸார், அமேசான், எல்ஜி, அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் ஆகியவை இணைந்து நடத்தி 2020இல் வெளியான சோதனை இதற்கு முன்மாதிரி. 8கே (7680 × 4320) படங்களையே 4கே-க்குக் குறைத்து, இரண்டையும் ஒரே 88 அங்குலத் திரையில், எது எதுவென்று சொல்லாமல் 139 பேருக்குக் காட்டினார்கள். பெரும்பாலோர் வேறுபாடு காணவில்லை. கூரிய பார்வையோடு அருகில் அமர்ந்தவர்களே சற்று உணர்ந்தனர். எச்டிக்கும் 4கே-க்கும் இடையிலான ஒப்பீட்டையும் இந்த ஒழுங்கில்தான் நடத்த வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. எட்டடிக்கு மேற்பட்ட தொலைவில் 43 அங்குலம் வரையிலான திரைகளில் அல்ட்ரா எச்டியின் கூடுதல் புள்ளிகளால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. அதே தொலைவில் 55 அங்குலத்தில் தொடங்கி அது பொருள் பெறுகிறது; 65 அங்குலத்தில் தேவையாகிறது. எந்த அளவிலும் ஒளிவீச்சும் நிறமும் தரவின் அளவும் புள்ளிகளுக்கு முன்னே வைத்து எண்ணத்தக்கவை.

ஆகவே விற்பனையாளர்கள் பெட்டியின் மீது புள்ளி எண்ணிக்கையை அச்சிடுவதுபோல், பேனலின் உச்ச ஒளியை நிட் அளவிலும் உகந்த தொலைவை அடிக் கணக்கிலும் தமிழில் அச்சிட வேண்டும். வாங்குபவர் கடைக்குப் புறப்படும் முன் தம் நாற்காலியிலிருந்து சுவர் வரை அளந்து, அந்த எண்ணைக் கையில் கொண்டு செல்லட்டும். கடையிலும் அத்தனை அடி பின்னால் நின்று, தாம் அன்றாடம் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லிப் பார்த்த பிறகே விலை பேசட்டும்.