வீடு ஒகினாவாவில், விலாசம் அமெரிக்காவில்: ஜப்பானுக்குக் குடிபோகும் அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் அன்றாடம் எப்படி இருக்கும்?

அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்க ராணுவத்தினர் அதிகம் பேர் இருக்கும் நாடு எது தெரியுமா? ஜப்பான். சுமார் 55,000 பேர். அதில் பாதிக்கும் மேல், தெற்குக் கோடியில் இருக்கும் ஒகினாவா என்ற சின்ன மாகாணத்தில் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் தனியாகப் போவதில்லை. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், நாய், பூனை என மொத்தக் குடும்பமும் மூட்டை கட்டுகிறது. பொதுவாக 3 ஆண்டுகள். பிறகு மறுபடியும் மூட்டை.

ராணுவம், தளம், ஒப்பந்தம் என்று செய்திகளில் நிறைய கேட்டிருப்போம். அந்த வேலிக்குள் காய்கறி வாங்கி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பி, வேலை தேடி அலையும் ஒரு குடும்பத்தின் நாள் எப்படிப் போகிறது? பார்க்கலாம்.

எல்லாம் ஒரு காகிதத்தில் இருக்கிறது

இடமாற்ற உத்தரவு வந்துவிட்டால் மட்டும் குடும்பம் கிளம்பிவிட முடியாது. 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' என்ற அனுமதி வேண்டும். குடும்பத்தைச் சேர்த்து அனுப்புகிறோம், பொறுப்பும் எங்களுடையது என்று ராணுவம் எழுத்தில் தருவது இது. இது இருந்தால்தான் விமானச் செலவு, வீடு, கட்டணமில்லாத பள்ளி எல்லாம் வரும். இல்லாமல் சொந்தச் செலவில் போனால், குடும்பம் சுற்றுலாப் பயணி மாதிரிதான்.

அந்த அனுமதிக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை ஒன்று உண்டு. குடும்பத்தில் ஒவ்வொருவரின் உடல்நலமும் பார்க்கப்படும். குழந்தைக்கு ஆட்டிசம், பேச்சுப் பயிற்சி, சிறப்பு மருத்துவர் தேவை என்றால், அந்த வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அனுமதி மறுக்கப்படலாம். அப்போது வீரர் தனியாகப் போகணும், அல்லது வேறு ஊருக்கு உத்தரவு மாறணும். ஒரு குழந்தையின் மருத்துவச் சீட்டு மொத்தக் குடும்பத்தின் பாதையை மாற்றிவிடும் இடம் இது.

மருந்து விஷயத்திலும் கவனம் தேவை. கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் சர்வசாதாரணமாக எழுதித் தரப்படும் ஆடரால் மாத்திரையில் ஆம்பெட்டமைன் இருக்கிறது. ஜப்பானில் அதற்குத் தடை. பையில் கொண்டுபோவதும் குற்றம், தபாலில் வரவழைப்பதும் குற்றம்.

'சோஃபா' அந்தஸ்து என்றால் என்ன?

நம்ம வீட்டு ஹாலில் கிடக்கும் சோஃபா இல்லை. அமெரிக்காவும் ஜப்பானும் 1960-ல் செய்துகொண்ட 'படைகளின் அந்தஸ்து ஒப்பந்தம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வீரரும் அவர் குடும்பமும் ஜப்பானில் விசா இல்லாமல் எந்த அடிப்படையில் வசிக்கலாம், எதற்கு வரி கிடையாது, குற்றம் நடந்தால் யார் விசாரிப்பார்கள் என்பதையெல்லாம் இதுதான் முடிவு செய்கிறது.

இதனால் பெரும்பாலான குடும்பத்தினர் கையில் இரண்டு பாஸ்போர்ட் இருக்கும். ஒன்று, அரசு கட்டணமில்லாமல் தருவது, உத்தரவின் பேரில் பயணிக்க. இன்னொன்று, தென்கொரியாவுக்கோ தாய்லாந்துக்கோ லீவில் சுற்றிப் பார்க்கப் போக.

குழந்தை அங்கே உள்ள அமெரிக்கக் கடற்படை மருத்துவமனையில் பிறந்தால் ஜப்பான் குடியுரிமை கிடைக்காது. பெற்றோரின் குடியுரிமையைப் பார்த்துத்தான் ஜப்பான் அதைத் தருகிறது. எனவே கைக்குழந்தைக்கும் தூதரகப் பதிவு, பாஸ்போர்ட், சோஃபா முத்திரை என்று வரிசையில் நிற்க வேண்டும்.

கப்பலில் வீடு, கூண்டில் நாய்

வீட்டுச் சாமான்களை அரசு செலவில் அனுப்பலாம். பதவிக்கு ஏற்ப எடை வரம்பு உண்டு, அதிகபட்சம் 18,000 பவுண்டு. அதாவது சுமார் 8,165 கிலோ. கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், புத்தகம் என்று போட ஆரம்பித்தால் தெரியும். சின்னப் பகுதி மட்டும் முன்னால் வரும். மீதி கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கடன் வாங்கிய குக்கர், இரவல் தட்டு.

நாய், பூனை கதை இன்னும் பெரிது. ஜப்பான் வெறிநோய் இல்லாத நாடு. அதனால் மைக்ரோசிப், இரண்டு தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, அதன்பின் 180 நாள் காத்திருப்பு என்று வரிசையாக விதிகள். நாள் குறைந்தால் அங்கே தனிமைப்படுத்தி வைப்பார்கள். ராணுவ வாடகை விமானத்தில் செல்லப்பிராணிக்கான இடங்களும் கொஞ்சம்தான். தனியார் விமானத்தில் அனுப்பினால் பணம் தண்ணியாகச் செலவாகும். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டு இடமாற்றத்துக்கு ஒரு பிராணிக்கு 2,000 டாலர் வரை ராணுவம் திருப்பித் தருகிறது.

கார்? பொதுவாக ஜப்பானுக்குக் காரை அரசு செலவில் அனுப்ப மாட்டார்கள். அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, அங்கே போய் ஒரு பழைய வண்டி வாங்கணும்.

இடதுபக்கம் ஓட்டு, மெதுவா ஓட்டு

அமெரிக்காவில் வலதுபக்கம், ஜப்பானில் நம்மூர் மாதிரி இடதுபக்கம். முதல் வாரம் திருப்பத்தில் சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போடுவது எல்லாருக்கும் நடப்பது.

இதில் ஒகினாவாவுக்கு ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1972 மே 15 வரை இந்தத் தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. அப்போது இங்கேயும் வலதுபக்கம்தான். ஜப்பானிடம் திரும்பி ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 ஜூலை 30-ம் தேதி ஒரே நாளில் மொத்தத் தீவும் இடதுபக்கம் மாறியது.

தளத்தில் எழுத்துத் தேர்வு எழுதி, அமெரிக்கப் படைகளின் தனி லைசென்ஸ் வாங்கணும். ஜப்பானில் 18 வயது ஆகாமல் கார் ஓட்ட முடியாது. பல அமெரிக்க மாநிலங்களில் 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும். ஊரில் கார் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை இங்கே வந்து பின் சீட்டில் உட்காரணும். வீட்டில் சண்டைக்கு இது ஒன்று போதும்.

மது விஷயத்தில் ஜப்பான் இன்னும் கறார். ரத்தத்தில் ஆல்கஹால் 0.03 சதவீதம் இருந்தாலே குற்றம். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அந்த வரம்பு 0.08. வண்டியின் நம்பர் பிளேட்டில் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். யாருடைய கார் என்று தெருவில் எல்லாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

வேலிக்குள் ஒரு குட்டி அமெரிக்கா

தளத்துக்குள் 'கமிசரி' என்ற மளிகைக் கடை இருக்கிறது. நம்மூரில் மாமாவோ சித்தப்பாவோ ராணுவத்தில் இருந்தால் மிலிட்டரி கேன்டீன் தெரிந்திருக்கும், அது மாதிரி. விலை டாலரில். கொரியர் செலவும் உள்ளூர்க் கட்டணம்தான், எப்படி? ராணுவத் தபால் முகவரி வழியாக. கடிதம் பசிபிக் கடலைத் தாண்டினாலும் கணக்கில் அது அமெரிக்க விலாசம்.

மின்சாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. பிளக் பொருந்தும். ஆனால் வெளியில் வாடகைக்கு எடுத்த வீடுகளில் மூன்றாவது பின்னுக்குத் துளை இருக்காது.

வெளியில் வீடு எடுப்பவர்கள் ஜப்பானிய வழக்கப்படி 'கீ மணி' தரணும். நம்மூர் அட்வான்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அது திரும்ப வராது. வீட்டுக்காரருக்குத் தரும் நன்றிக் காசு. குடியேறும் செலவுக்குத் தனிப்படி உண்டு, வாடகைக்கும் ஒரு உச்சவரம்பு வரை படி உண்டு. குப்பையையும் வகை பிரித்து, சொன்ன நாளில், சொன்ன பையில்தான் வைக்கணும். தப்பாக வைத்தால் எடுக்காமல் போய்விடுவார்கள்.

உண்மையில் யார் விலை கொடுக்கிறார்கள்?

வீரருக்கு வேலை நிச்சயம். கூட வரும் மனைவி அல்லது கணவருக்கு? இந்த வாழ்க்கையில் பெரிய அடி விழுவது இங்கேதான்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2021-ல் எடுத்த சர்வேயில், பணியில் உள்ள வீரர்களின் வாழ்க்கைத்துணைகளிடையே வேலையின்மை 21 சதவீதம். இது உள்நாடு, வெளிநாடு எல்லாம் சேர்த்து. வெளிநாட்டில் கதவுகள் இன்னும் குறைவு.

நர்ஸ், ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோரின் லைசென்ஸ் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜப்பானியக் கம்பெனியில் சேரலாமா என்றால், சோஃபா அந்தஸ்து தங்குவதற்குத்தான், வேலை பார்ப்பதற்கு இல்லை. அதற்குக் குடியேற்றத் துறையிடம் தனி அனுமதி வேண்டும், மொழியும் வேண்டும். அமெரிக்காவில் செய்த வேலையை லேப்டாப்பில் தொடரலாம் என்றால், வரிச் சிக்கல், தகவல் பாதுகாப்பு என்று பல நிறுவனங்கள் கைவிரித்துவிடும்.

தளத்துக்குள் வேலைகள் இருக்கின்றன, வாழ்க்கைத்துணைகளுக்கு முன்னுரிமையும் இருக்கிறது. ஆனால் ஜப்பான் முழுக்க அமெரிக்கத் தளங்களில் சுமார் 25,000 ஜப்பானியர்கள் வேலை பார்க்கிறார்கள். மீதி இடங்களுக்குத்தான் போட்டி. பட்டமும் பத்தாண்டு அனுபவமும் உள்ளவர் கேஷ் கவுன்டரில் உட்காருவது அங்கே அதிசயம் இல்லை. மூன்று ஆண்டு முடிந்து ஊர் திரும்பினால், அடுத்த நேர்காணலில் "நடுவில் ஏன் இடைவெளி?" என்ற கேள்வி காத்திருக்கும். வீரரின் சம்பளத்தோடு பல படிகள் வருகின்றன. துணையின் இழந்த சம்பளத்துக்கு, சேராத ஓய்வூதியத்துக்கு, தனியாகப் படி எதுவும் கிடையாது.

இன்னொன்று, வெளிநாட்டில் குடியேறியதால் வீரர் வீட்டிலேயே இருப்பார் என்று அர்த்தம் இல்லை. டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகா துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 முதல் ஒரு அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் அங்கேயே நிலைகொள்ளும் வழக்கம் இருக்கிறது. முதலில் வந்தது மிட்வே, இப்போது ஜார்ஜ் வாஷிங்டன். கப்பல் கிளம்பினால் மாதக்கணக்கில் கடலில். மொழி தெரியாத ஊரில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பைப் உடைந்தாலும் ஒற்றை ஆளாகத்தான் சமாளிக்கணும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தான் அப்போது சொந்தபந்தம்.

பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

தளத்துக்குள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பள்ளிகள் நடத்துகிறது. போர் முடிந்து வீரர்களின் குடும்பங்கள் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் வர ஆரம்பித்த 1946-ல் தொடங்கிய ஏற்பாடு இது. பாடத்திட்டம் அமெரிக்கப் பாடத்திட்டம். தொடக்கப் பள்ளிகளில் ஜப்பானியப் பண்பாட்டுக்கும் வகுப்பு உண்டு, உள்ளூர் ஆசிரியர்களே எடுப்பார்கள்.

பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு ராணுவக் குழந்தை சராசரியாக 6 முதல் 9 பள்ளிகள் மாறுவதாக அந்தத் துறையின் கல்விப் பிரிவு சொல்கிறது. இந்தப் பள்ளிகளில் ஒரு ஆறுதல், பக்கத்து பெஞ்சுப் பையனும் போன வருஷம்தான் வந்திருப்பான்.

வேலிக்கு வெளியே

ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 சதவீதம்தான். ஆனால் அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. கடேனா என்ற சின்ன நகரத்தின் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் விமானத் தளம். போர் விமானச் சத்தத்துக்கு எதிராக மக்கள் பல ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறார்கள். 1995-ல் பள்ளிச் சிறுமி ஒருவரை மூன்று அமெரிக்க வீரர்கள் கடத்திப் பாலியல் வன்முறை செய்தபோது, கண்டனக் கூட்டத்தில் சுமார் 85,000 பேர் திரண்டதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள்.

அங்கே குடிபோகும் குடும்பம் இந்த வரலாற்றுக்கு நடுவில்தான் வீடு எடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி காய்கறி கொண்டுவந்து தருவார். அதே தெருவில் தளத்துக்கு எதிரான பதாகையும் இருக்கும். இரண்டும் உண்மை. சட்டமும் தெளிவாக இருக்கிறது. பணி நேரத்தில் நடந்த குற்றம் என்று வீரர் வாதாடலாம், மனைவிக்கோ மகனுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. வெளியில் தப்பு செய்தால் ஜப்பானியப் போலீஸ், ஜப்பானிய நீதிமன்றம். குற்றப்பத்திரிகைக்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைக்க முடியும்.

புயல், நிலநடுக்கம், திரும்பும் நாள்

ஒகினாவாவில் புயல் எச்சரிக்கை 4-லிருந்து 1-க்கு இறங்கும். எண் குறைந்தால் ஆபத்து அதிகம். உச்ச நிலையில் பள்ளி, கடை எல்லாம் மூடி, யாரும் வெளியே வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குடும்பமும் ஒரு ஃபைல் தயாராக வைத்திருக்கணும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், உத்தரவு நகல், பணம். போரோ பேரிடரோ வந்தால் வீரர் அங்கேயே இருப்பார், குடும்பத்தை ராணுவம் வெளியேற்றும். சும்மா ஒத்திகைக்கு இல்லை. 2011 மார்ச் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, பிரதான ஜப்பானில் உள்ள தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்ப உறுப்பினர்கள் விமானம் ஏறினார்கள்.

அப்படி எதுவும் நடக்காமல் மூன்று ஆண்டு முடிந்தால், சாமான் எடை மறுபடி பார்க்கணும், நாய்க்கு மறுபடி காகிதம் போடணும். கார் தளத்துக்குள் இருக்கும் பழைய கார் விற்கும் மைதானத்துக்குப் போகும். அதற்கு அங்கே எலுமிச்சை மைதானம் என்று பெயர், ஓட்டை வண்டியை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். கண்ணாடியில் விலையும் போன் நம்பரும் எழுதி ஒட்டிவிட்டால், போன வாரம் வந்து இறங்கி ஓட்டலில் தங்கியிருக்கும் இன்னொரு குடும்பம் வந்து சாவி வாங்கிக்கொள்ளும்.