தொலைபேசிக் கம்பியில் வந்த தமிழ்
(டயல்-அப் காலத்துப் பழுதுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை)

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் என்று எண்ணிவிடக் கூடாது. நம்மில் பலர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மோடமும் ஒரு சான்றுதான். வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் கைக்குத் தமிழ் எழுத்து எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லும். அடியேன் மட்டாஞ்சேரியில் கடை வைத்திருப்பவன், குடியிருப்பு களமசேரியில். பொறியியல் படித்தவன் அல்லன். லைன் கிடைக்காத ராத்திரிகளில் பழுது தேடித் தேடிக் கற்றதே என் படிப்பு.

முன்கதை

இந்தியாவில் 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் வலையமைப்பு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது விதேஷ் சஞ்சார் நிகம். நாள் 1995 ஆகஸ்ட் 15. முதலில் பெருநகரங்களில் மட்டும். 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். உருவானது. அந்நாளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஐ.எஸ்.டி. பேச நிமிடத்துக்குப் பத்துப் பத்தாக ரூபாய் போகும். உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் 172 என்று தொடங்கும் எண்ணைச் சுழற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால், யார்தான் மோடம் வாங்கமாட்டார்கள்?

மோடத்தின் வேலை எளிது. கணினியின் சுழி, ஒன்று என்ற கணக்கை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். அந்தப் பக்கத்து ஒலியைத் திரும்பக் கணக்காக்கும். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1962-இல் வெளியிட்ட பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. 1998-இல் வந்த வி.90 தரம் 56,000 பிட் வரை இறக்கும் என்றது. கம்பியோ மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் நன்றாகப் போகும். குரலுக்குப் போட்ட வழியில் இயந்திரத்தைப் பேச வைத்ததால்தான் இத்தனை பழுது.

பழுது தேடும் வரிசை

பழுது தேடுவதில் ஒரே விதி: அருகில் இருப்பதை முதலில் பார், ஒவ்வொன்றாகப் பார்.

முதலில் ரிசீவரை எடுத்துக் காதில் வைக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் கணினியைத் தொட்டுப் பயனில்லை. சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனாலும் கணினி ‘டயல் டோன் இல்லை’ என்கிறது (பிழை எண் 680) என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம் நாட்டில் அது 400 ஹெர்ட்ஸை ஒட்டியது. அங்கத்திய காதோடு வந்த மோடத்துக்கு நம் ஊர் ஒலி புரியவில்லை, அவ்வளவுதான். ‘டயல் டோனுக்குக் காத்திரு’ என்ற இடத்தில் குறியை எடுத்துவிட்டாலோ, கூடுதல் கட்டளையாக ‘எக்ஸ்3’ என்று கொடுத்தாலோ தீர்ந்தது.

அடுத்து, சுழற்றும் முறை. பழைய ஸ்ட்ரோஜர் இணைப்பகங்கள் ‘டக் டக்’ என்ற துடிப்பைத்தான் அறியும். மோடத்தில் ‘டோன்’ என்பதை ‘பல்ஸ்’ என்று மாற்ற வேண்டும். இந்த ஸ்ட்ரோஜர், கான்சாஸ் நகரில் ஈமச் சடங்குத் தொழில் நடத்தியவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்புகிறார் என்ற சந்தேகத்தால், ஆளே தேவைப்படாத இணைப்பகத்தை உருவாக்கினார் என்பார்கள். 1891-இல் காப்புரிமை பெற்றார். ஒரு வியாபாரியின் சந்தேகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாருங்கள்! 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் மின்னணு இணைப்பகங்கள் பரவிய பிறகே ‘டோன்’ முறை நம் ஊர்களுக்குப் பொதுவாயிற்று.

மூன்றாவது, பிழை எண்கள். 676 என்றால் அந்தப் பக்கம் லைன் பிஸி. 678 என்றால் யாரும் எடுக்கவில்லை. இரண்டும் வீட்டுப் பழுதல்ல. பொறுத்திருந்து ராத்திரி பத்துக்கு மேல் முயல வேண்டியதுதான். 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். 633 என்றால் ஃபேக்ஸ் போன்ற வேறொரு நிரல் மோடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

நான்காவது, கிடைத்த இணைப்பு அறுந்துபோவது. “யாரு ஃபோன எடுத்தது? லைன் போச்சு!” என்ற கூச்சல் கேட்காத வீடு உண்டா? எக்ஸ்டென்ஷனை ஒருவர் எடுத்தாலே போதும். கால் வெயிட்டிங் வசதியின் ‘பீப்’ ஒலியும் இணைப்பை அறுக்கும். கேரளத்தில் இன்னும் இரண்டு பகைவர்: இடவப்பாதி மழையும் துலாவர்ஷ இடியும். கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கினால் கரகரப்பு, வேகம் பாதியாகும். இடியோ மோடத்தையே கருக்கிவிடும். மேகம் கறுத்ததும் மின்சாரக் கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் பிடுங்கி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

கடலடி கேபிளும் கடைசிக் கம்பியும்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் வரை சுமார் 39,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட சீ-மீ-வீ 3 என்னும் கடலடி ஒளியிழைக் கேபிள், இந்தியாவில் மும்பையிலும் நம் கொச்சியிலும் கரையேறியது. தென்னாப்பிரிக்காவை மலேசியாவோடு இணைத்த சேஃப் கேபிளும் 2002-இல் கொச்சியைத் தொட்டது. மிளகு ஏறிய கரையிலேயே உலகத் தகவல் இறங்கியது. ஆனால் வீட்டுக்கும் இணைப்பகத்துக்கும் நடுவே உள்ள செம்புக் கம்பி மாறவில்லை. நொடிக்கு 28,800 பிட் கிடைத்தால், ஒரு மெகாபைட் இறங்க ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஏழு கடல் தாண்டி வந்தது வாசற்படியில் தடுக்கி விழுந்தது. கம்பிப் பழுதை நாம் தீர்க்கவில்லை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டை கொண்டுவந்த பிறகு அது தானே மங்கியது.

எழுத்துப் பழுது

ஆனால் லைன் சரியாக இருந்தும் தீராத பழுது ஒன்று இருந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் முதல் நூல் திருக்குறள். 1330 குறளும் எழுத்துக் கோப்பாக ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். திறந்து பார்த்தால் குறள் இருக்காது. கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் இருக்கும்! காரணம், ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்திருந்தது. அனுப்பியவரின் எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் கம்பியில் வந்தது தமிழே அல்ல.

இந்தப் பழுதைத் தீர்க்க முன்னின்றவர்களில் பலர் நம்மைப்போல் வெளியே வாழ்ந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழை வலையில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும் மதுரைத் திட்டத்தையும் தந்தார். இணையத்தில் கூடிப் பேசியே ‘திஸ்கி’ குறியீட்டை வகுத்தார்கள். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்நாட்டரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 1991-லேயே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிகோடு, விண்டோஸ் 2000 வந்த பிறகே வீட்டுக் கணினிக்கு எட்டியது. 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. அதே ஒழுங்குதான்: எங்கே அறுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்தார்கள்.

நாம் செய்யவேண்டியது

அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்தியது. கம்பிக் காலம் முடிந்தது. எழுத்துப் பழுது முடியவில்லை. சங்கங்கள் அந்நாளில் வெளியிட்ட மலர்கள், உறுப்பினர் வரலாறுகள், நம் பிள்ளைகள் எழுதிய கடிதங்கள் எல்லாம் பழைய எழுத்துருக்களில் ஃப்ளாப்பியிலும் குறுந்தகட்டிலும் தூங்குகின்றன. இன்றைய கணினியில் அவை குப்பைக் குறிகளாகவே தெரியும். அவற்றை அழித்துவிட வேண்டாம். அவை கெட்டுப்போனவை அல்ல, எண் மாறியவை. யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே, பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு விடுமுறையில் இதை முடித்துவிட வேண்டும். ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்த பழி நம் முன்னோர் சிலர்மேல் உண்டு. நம்மேல் அப்படியொரு பழி வரவேண்டாம்.